மயிலாத்தாளின் நான்கு கோடு

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் முதலில் பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு பனியன் கம்பெனிக்குப் போனவள் நான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்துவிட்டால், படிக்கிறவர்கள் என் வீட்டுக்காரரைக் குறை சொல்லுவார்களோ, இல்லை ஜமீலாவைச் சொல்லுவார்களோ, இல்லை ஒரு பாவமும் அறியாத அந்தக் கம்ப்யூட்டரைச் சொல்லுவார்களோ என்று இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஆனால் எங்கள் காம்பவுண்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், அடுத்த தெருவில் வேறு விதமாகச் சொல்கிறார்கள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் இருட்டில் வெளிச்சம் விடுகிறேன் என்றுகூடப் பேச்சு இருக்கிறதாம். வெளிச்சமெல்லாம் நான் விடவில்லை. நடந்தது இதுதான்.

திருப்பூரில் எங்கள் லைன் வீட்டுக் காம்பவுண்டில் ஏழு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு முருங்கை மரம், மாடியில் ஓனர் நாச்சிமுத்து அண்ணன். இரண்டு பக்கமும் கம்பெனிகளின் தகரக் கொட்டகை உயர்ந்து நிற்பதால் செல்போன் டவர் குழாயடியில் மட்டும் ஒரு கோடு காட்டும், மற்ற இடத்தில் அதுவும் காட்டாது. என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி நிட்டிங் மெசினுக்கு ஃபிட்டர். மெசின் நின்றுபோனால் முதலாளி ஓடுவார், மேனேஜர் ஓடுவார், இவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு நடந்து போவார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் எதற்காகவும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் பட்டேன். என் வேலையும் அப்படிப்பட்டதுதான். செக்கிங். வருகிற பீஸ் ஒவ்வொன்றையும் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பகலெல்லாம் குறையைத் தேடின கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூடிக்கொள்ளுமா? கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, பூட்டினது பூட்டுத்தானா, பேரன் இருமினது சளியா வேறெதுவுமா என்று அது பாட்டுக்குத் தேடிக்கொண்டே இருக்கும்.

என் மகள் கோகிலவாணி கரூரில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் ஏழு மாதக் கைக்குழந்தையோடு எங்களிடம் வந்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளின் நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை ஒன்று, வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம் என்று விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டாள். அது கிடைத்தால் பிள்ளையைப் பக்கத்தில் தொட்டிலில் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள். கிடைக்காவிட்டால் பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு என்னோடு கம்பெனிக்கு வந்து ஒன்றரை ஷிப்ட் நிற்க வேண்டும். இதற்கு நடுவில் வேறு வழி எதுவும் இல்லை.

அதற்காகத்தான் கம்பெனி ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். பழைய உடம்பு, கனமான எதையும் தாங்காது என்று அதில் பென்குயின் படம் போட்ட லினக்ஸை ஏற்றினார். ஏற்றும்போது அது பேர் கேட்டது. யார் பேர் என்று கேட்டது, கம்ப்யூட்டருக்கு என்ன பேர் என்றும் கேட்டது. இவர் இரண்டு இடத்திலும் மயிலாத்தாள் என்று என் பேரை எழுதிவிட்டார்.

"எனக்கு அதுல என்னங்க தெரியும், எதுக்கு என் பேரு?" என்றேன்.

"ரேசன் கார்டு உன் பேருல. கேஸ் புக்கு உன் பேருல. மகளிர் குழு உன் பேருல. இது மட்டும் எதுக்கு என் பேருல புள்ளெ?"

குடும்பத் தலைவி பேரைத்தான் எதிலும் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் நானும் சும்மா இருந்துவிட்டேன். அன்றைக்கே ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்க வேண்டும்.

மாடியில் ஓனர் வீட்டில் இன்டர்நெட் பெட்டி இருந்தது. அதிலிருந்து காற்று வழியாகப் பிடிக்க, கட்டைவிரல் அளவில் ஒரு வைஃபை குச்சி வாங்கி வந்து கம்ப்யூட்டரின் இடுப்பில் சொருகினார். கம்ப்யூட்டர் அதைப் பார்த்தது, ஆனால் பேசவில்லை. டிரைவர் என்கிற சாமான் ஒன்று உள்ளே போனால்தான் இரண்டும் பேசுமாம். அந்த டிரைவர் இன்டர்நெட்டில்தான் கிடைக்குமாம், இன்டர்நெட் வர அந்தக் குச்சி வேலை செய்ய வேண்டுமாம். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டின கதைதான். கம்பெனிக் கம்ப்யூட்டரில் டிரைவரை எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தார். அதை எப்படி உள்ளே ஏற்றுவது என்று முகம் தெரியாத யாரோ புண்ணியவான் எழுதி வைத்திருந்ததை, நிட்டிங் புரோகிராம் சீட்டின் பின்பக்கத்தில் கையால் காப்பி எடுத்துக்கொண்டு வந்தார். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து அதைப் பார்த்துப் பார்த்து அடிப்பார், அது முடியாது என்று சொல்லும், மறுபடி அடிப்பார், மறுபடி முடியாது என்று சொல்லும். இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இதற்குள் பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டினவர்கள் ஓனர் வீட்டு வயரையும் சேர்த்துத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

"வயரே இல்லீங்களே, இனி எதுக்கு இந்தக் குச்சி?" என்று கேட்டேன்.

"வயரு வாரப்ப வரட்டும். குச்சி நம்ம வேலை" என்றார்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு, இந்தச் சனியனால் வீடே எரிந்துபோகுமோ என்ற நினைப்போடு அவர் பின்னால் போய் நின்றேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. ஆனால் சாம்பிள் பீஸையும் தைத்த பீஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கண்ணுக்கு அர்த்தம் எதற்கு? சீட்டில் இருந்த வரியையும் ஜன்னலில் இருந்த வரியையும் ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தேன். சீட்டில் ஓர் இடத்தில் சின்னக் கோடு இருந்தது, ஜன்னலில் இல்லை. முந்தானையில் ஒட்டியிருந்த அம்பு ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன்.

"இங்க விட்டுப்போச்சுங்க."

அவர் அந்தக் கோட்டைப் போட்டு அடித்தார். எழுத்துகள் மழை மாதிரி கொட்டின, நின்றன, குச்சியில் நீல விளக்கு எரிந்தது. கோகிலா குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து பக்கத்தில் என்னென்ன நெட் கிடைக்கிறது என்று திறந்து பார்த்தாள். ஒன்றே ஒன்று இருந்தது. பூட்டில்லாமல், கடவுச்சொல் இல்லாமல், மயிலாத்தாள் என்று இருந்தது.

"அம்மா, உன் பேரு வருது."

"நான் வச்ச பேருதானே, வரும்" என்றார் அவர்.

"அது கம்ப்யூட்டர் பேருப்பா. இது வெளிய எங்கிருந்தோ வர்ற நெட்டு."

அப்போது அடுப்பில் பால் சீறுகிற சத்தம் கேட்டது. நான் ஐயோ பால் என்று ஓடினேன். கோகிலா பின்னாலிருந்து, "இப்ப நாலு கோடும் வந்திருச்சு" என்றாள். பாலை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விட்டேன். "இப்ப ரெண்டாயிருச்சு" என்றாள். என் வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே என்னை மேலும் கீழும், நின்றுபோன மெசினைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்ப உன்கிட்டயிருந்துதான் வருது" என்றார். அதற்கு மேல் அவர் அதைப்பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

காம்பவுண்டிலும் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. மூன்றாவது வீட்டு ஜமீலா அன்றைக்குச் சாயங்காலமே போனும் கையுமாக வந்தாள். அவள் பவர் டேபிள் மெசினில் பனியன் தைக்கிறவள், அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். "மயிலாக்கா, உங்க பேருல ஒண்ணு வருது, தொட்டவுடனே ஒட்டிக்கிச்சு. நாலு மாசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் அவரு மூஞ்சிய முழுசாப் பாத்தேன். மீசையை எடுத்துட்டாரு. சொல்லவே இல்ல" என்றாள். ஓனர் நாச்சிமுத்து அண்ணன் மாடிப்படியில் நின்றபடி, "வயரு ஆபீசுல கேட்டா வருவோம் வருவோம்ங்கறான். இனி அவன் வந்தா என்ன வராட்டி என்ன, மயிலு இருக்குது" என்றார். பம்ப்செட் போட்டுக் கொடுத்தது போலத்தான் எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது வீட்டில் டியூசன் எடுக்கிற தங்கபுஷ்பம் டீச்சர் மட்டும் நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தார். கேஸை அணைத்தோமா என்று நான் நினைத்தால் இரண்டு கோடு, அது எழுத்தில் செய்தி அனுப்பப் போதும். பூட்டைப் பற்றி நினைத்தால் இரண்டரை, பாட்டுக் கேட்கலாம். பேரன் தும்மினால் மூன்று, முகம் பார்த்துப் பேசலாம். கோகிலாவின் வாழ்க்கை என்ன ஆகும் என்று நான் முருங்கை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் நான்கு கோடும் நின்று, முழுச் சினிமாவும் நடுவில் நிற்காமல் ஓடும். இதை டீச்சர் கண்டுபிடித்த அன்றைக்கே, குழாயடியில் ஒட்டியிருந்த தண்ணீர் முறைத் தாளுக்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டப்பட்டது. கவலை முறை. திங்கள் முதல் வீடு, செவ்வாய் இரண்டாம் வீடு என்று ஏழு வீட்டுக்கும் ஏழு நாள். எங்கள் வீட்டு முறை ஞாயிற்றுக்கிழமை வந்தது, அன்றைக்கு நானாகவே பட்டுக்கொள்ள வேண்டும்.

முறைக்காரர்கள் குடத்தோடு வருவது போலக் கவலையோடு வந்தார்கள். "மயிலாக்கா, நான் தாண்டி வர்றப்ப உங்க வீட்டுல ஏதோ தீயற வாசம்" என்பாள் ஜமீலா. "மயிலு, உன்ற பேரன் மண்ணைத் தின்னுட்டானாட்டம் இருக்குது" என்பார் ஓனர். டீச்சர் படித்தவர், அவர் கவலையை நேராகத் தரமாட்டார். "ஒண்ணுமில்ல மயிலம்மா, நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குத்தான் கோடு அதிகமாக நிற்கும். பொய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தானே மனசு ஆறுகிறது. ஜமீலா மஸ்கட்டோடு சிரிப்பதும், டீச்சர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக் காட்டுவதும், ஓனர் மழை நிலவரம் பார்ப்பதும் என் வழியாகத்தான் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதுவரை என் கவலையால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை.

அப்படி இருக்கையில் கோகிலாவுக்கு ஓலை வந்தது. வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, முகம் பார்த்து ஒரு மணி நேரம் பேசுவார்கள், நடுவில் அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அன்றையிலிருந்து நான்கு கோடும் இறங்கவில்லை. தகரக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் என் பேர் தெரிந்தது. அடுத்த தெரு ஆட்கள் எங்கள் கேட்டில் சாய்ந்து நின்று போனைப் பார்த்தார்கள். பத்தாவது நாள் குழாயடியில் குடத்தைத் தூக்கினவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், கண் இருட்டிவிட்டது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மா கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளைக்குக் கம்பெனிக்குப் போகாம வீட்டுல இருங்க, எதையும் மனசுல போட்டுக்காதீங்க" என்றார்.

காம்பவுண்டு பயந்துபோயிற்று. கோகிலா பேசி முடிக்கிற வரைக்கும் மயிலாக்கா உடம்பு தாங்க வேண்டுமே என்று கூட்டம் போட்டார்கள். கவலை முறைத் தாளைக் கிழித்தார்கள். ஜமீலா தினமும் இரண்டு தடவை வந்து என் கேஸை அணைத்துப் பார்த்தாள். ஓனர் ஆடிக்கொண்டிருந்த படிக்கட்டுக்குச் சிமெண்டு பூசினார், கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். டீச்சர் பேரனை மடியை விட்டு இறக்கவில்லை, அவன் தும்முவதற்கு முன்னாலேயே மூக்கைத் துடைத்தார். எல்லாருமாகச் சேர்ந்து என்னை அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். அதன் பலன், அந்தத் திங்கட்கிழமை காலை எழுந்து உட்கார்ந்தபோது, எதையாவது நினைத்துப் பயப்படலாம் என்று மனசுக்குள் கை விட்டுத் துழாவினால் ஒன்றும் அகப்படவில்லை. துவைத்து மடித்து வைத்த துணி மாதிரி இருந்தது நெஞ்சு. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி இருந்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்குக் கோகிலா நல்ல சேலை கட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா திரையில் வந்து வணக்கம் சொன்னார். ஒரே ஒரு கோடு நின்றது. பத்து நிமிடத்தில் அதுவும் ஆடியது, கோகிலா பேசப் பேச அந்த அம்மாவின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த காம்பவுண்டு மொத்தமும் என்னிடம் ஓடி வந்தது.

"அக்கா, கேஸு" என்றாள் ஜமீலா.

"நீதானே அணைச்செ."

"கதவு, மயிலு" என்றார் ஓனர்.

"புதுப் பூட்டுங்கண்ணா. நல்லாத்தான் இருக்குது."

"மயிலம்மா, பிள்ளை..." என்று டீச்சர் ஆரம்பித்தார். பிள்ளை அவர் மடியில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கோகிலா வேலை, அக்கா. அது போச்சுன்னா?" என்றாள் ஜமீலா. அவள் குரல் அழுகைக்கு வந்துவிட்டது.

நானும் நினைத்துப் பார்த்தேன். போனால் என்ன ஆகும் என்று நன்றாகவே தெரிந்தது. இருந்தும் ஆகிறது ஆகட்டும் என்று ஒரு நிம்மதி வந்து என் மேல் போர்வை மாதிரி விழுந்து கிடந்தது, நான் அதற்குள்ளிருந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். கோகிலா உள்ளே, "கேக்குதுங்களா மேடம், கேக்குதுங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்தார். கையில் டீ டம்ளர் இருந்தது. என்னைப் பார்த்தார், நான் சிரிப்பதைப் பார்த்தார், டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் டீயைக் குடிக்காமல் வைத்ததை நான் பார்த்ததில்லை. என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். எந்த மெசினுக்குள்ளும் ஆடாமல் போய்வருகிற அந்தக் கை நடுங்கியது.

"மயிலு, உனக்கு ஒண்ணுமில்லயே?"

"இல்லீங்க. நல்லாயிருக்கறேன்."

"நீ நல்லாயிருந்து நான் பாத்ததே இல்லயே புள்ளெ. நெட்டு கெடக்குது, விடு. நீ எதையாவது நெனச்சுக் கொஞ்சம் பயப்படு. இப்புடி உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்குது."

இந்த மனுசனா பயப்படுகிறார், என்று நினைத்தேன். இவரே பயப்படுகிறார் என்றால் எனக்கு என்னவோ ஆகிவிட்டது, யாரும் சொல்லாமல் மறைக்கிறார்கள், இல்லை இவருக்கு என்னவோ ஆகிவிட்டது, டீ வேறு ஆறிப்போகிறது, நடுங்குகிற கை வலது கையா இடது கையா, இந்தக் கையை வைத்து நாளைக்கு எப்படி ஊசி மாட்டுவார், கேஸை ஜமீலா அணைத்தாள் சரி, சிலிண்டரின் வாயை மூடினாளா என்று அடுக்கடுக்காக, அணை திறந்த மாதிரி எல்லாம் ஒன்றாக வந்தது. வந்த வேகத்தில் காம்பவுண்டில் இருந்த அத்தனை போனும் ஒன்றாகக் கூவின. கேட்டில் நின்றவன் போனில் பாதியில் நின்ற பாட்டு முழுதாகப் பாடி முடித்தது. மூன்றாவது தெருவில் ஒருவருக்குப் போன வருடத்துத் தீபாவளி வாழ்த்து வந்து சேர்ந்ததாம். உள்ளே கண்ணாடி போட்ட அம்மா திறந்த வாயை மூடி விட்ட இடத்திலிருந்து பேசினார். ஒரு மணி நேரம் பேசினார். முடிவில், "உங்க லைன் ரொம்பத் தெளிவா இருக்கும்மா, வர்ற திங்கள்லயிருந்து சேந்துக்கோங்க" என்று சொன்னதை நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்று கேட்டோம். என் வீட்டுக்காரர் டீயைச் சூடு பண்ணிக் குடித்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கோகிலாவுக்குத் தினமும் எட்டு மணி நேர வேலை. கேட்டிலோ கூட்டம் ஏறிக்கொண்டே போனது. யாரோ சேர்ந்தாற்போல மூன்று சினிமாவை இறக்கினால் எனக்கு மண்டை கனத்தது. முகம் தெரியாத புருசன் பொண்டாட்டி போனில் சண்டை போட்டால் எனக்கு நாக்கு கசந்தது. என் வழியாக என்ன போகிறது, எது வருகிறது, எவன் எவளுக்கு என்ன எழுதுகிறான், நாளைக்குப் போலீஸ் வந்தால் பேர் யார் பேர்? பேர் என் பேர். திறந்து போட்ட வீடு மாதிரி நான் கிடந்தால் கோகிலாவுக்கு மிஞ்சுவது அரைக் கோடுதான்.

அதனால் போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைக் கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். எனக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்றேன். அவர் ஏதோ அடித்துவிட்டு, கடவுச்சொல் கேட்குது சொல்லு என்றார். "நீங்க எந்திரிங்க" என்றேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எல்லோரையும் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே அடித்தேன். ஜன்னல் அதை வெறும் புள்ளிகளாகக் காட்டியது. அதன் பிறகு கோகிலாவின் கம்ப்யூட்டரிலும் ஏழு வீட்டுப் போன்களிலும் நானே என் கையால் போட்டுக் கொடுத்தேன். ஜமீலா எட்டிப் பார்த்தாள், "தண்ணிக் குடத்துலயும் இப்புடித்தான் எட்டிப் பாப்பியா" என்று முந்தானையால் மறைத்துக்கொண்டேன். கேட்டில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

"என்ன வச்செ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சொல்ல மாட்டேன். எழுதியும் வைக்கல. எழுதி வச்சா யாராவது பாத்துருவாங்க."

"அதும் சரி" என்று டீயைக் கையில் எடுத்தவர், ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார். "நீ மறந்துட்டா?"

அவர் அதைக் கேட்டு இன்றைக்கு ஒன்பது நாள் ஆகிறது. நான்கு கோடும் நின்றது நின்றபடியே நிற்கிறது.